ஹாலிஃபாக்ஸில் கார் இல்லாமல்: ஃபெர்ரியை நம்பலாம், பஸ்ஸை?

டொராண்டோ பக்கமிருந்து வேலை மாறி, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸுக்கு வரப்போகும் நண்பர் ஒருவர், கார் வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நான் பல வருடமாக டார்ட்மவுத்தில் குடியிருந்துகொண்டு துறைமுகத்துக்கு அக்கரையில் வேலைக்குப் போய் வருகிறவன். கட்டணம், ரூட் நம்பர் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். நான் சொல்ல வேண்டியது ஃபெர்ரியைப் பற்றி. அப்புறம், அந்த ஃபெர்ரியைப் பிடிக்க விடாத பஸ்ஸைப் பற்றி.

முதலில் நல்லது. இந்த ஊரில் பஸ் டிக்கெட்தான் படகு டிக்கெட். பஸ்ஸில் ஏறும்போது ஒரு டிரான்ஸ்ஃபர் சீட்டு வாங்கிக்கொண்டால், அல்லது 2023 கடைசியில் வந்த ஆப்பில் டிக்கெட்டைத் தொடங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்கு அதை வைத்தே அடுத்த பஸ்ஸிலும் ஏறலாம், ஃபெர்ரியிலும் ஏறலாம். கூடுதலாக ஒரு காசு கிடையாது. 12 வயது வரை பிள்ளைகளுக்கு இரண்டுமே இலவசம். கடலைக் கடப்பதற்கு இவ்வளவுதான் செலவு என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

டார்ட்மவுத் ஆல்டர்னி துறையிலிருந்து ஹாலிஃபாக்ஸ் டவுன்டவுனுக்கு ஏறக்குறைய 12 நிமிடம். வேலை நேரங்களில் கால் மணிக்கு ஒரு படகு, மற்ற நேரத்தில் அரை மணிக்கு ஒன்று. படகுக்கு இரண்டு பக்கமும் முகம்தான், அதனால் கரைக்கு வந்து திரும்பிக்கொண்டு நேரத்தை வீணாக்குவதில்லை. 1752இலிருந்து இந்தத் துறைமுகத்தில் ஏதோ ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறது. முன்பு கார்களையும் ஏற்றினார்கள். 1955இல் துறைமுகத்தின் குறுக்கே மக்டொனால்ட் பாலம் திறந்த பிறகு அது நின்று, இப்போது ஆட்கள் மட்டும்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறலாம்.

படகுகளின் பெயர்களைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஒன்றுக்கு வயோலா டெஸ்மண்ட் என்று பெயர். 1946இல் நியூ கிளாஸ்கோ திரையரங்கில் வெள்ளையர் பகுதியிலிருந்து எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண். கனடாவின் பத்து டாலர் தாளில் இருப்பவரும் அவர்தான். இன்னொன்று வின்சென்ட் கோல்மன். 1917 டிசம்பர் 6 அன்று இதே துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிந்துகொண்டிருந்தபோது, தப்பி ஓடாமல் தந்தி மேசைக்குத் திரும்பிப் போய், ஊருக்குள் வரவிருந்த ரயிலை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டு இறந்துபோனவர். அந்த வெடிப்பில் இறந்தவர்கள் சுமார் 2,000 பேர். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மிக்மா மக்களின் கவிஞர் ரீட்டா ஜோ பெயரிலும் ஒரு படகு இருக்கிறது. காலையில் மேல்தளத்தில் நின்று, ஒரு பக்கம் ஜார்ஜஸ் தீவும் கலங்கரை விளக்கமும், மறுபக்கம் பாலமும் பார்த்துக்கொண்டு போகும்போது, வேலைக்குப் போகிற அலுப்பே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குணம், ஃபெர்ரி சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். புயல் எச்சரிக்கை என்றால் நிறுத்துவார்கள், 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் வந்தபோது பஸ்ஸையும் சேர்த்தே நிறுத்தினார்கள். அதெல்லாம் நியாயம்தான். சாதாரண நாளில் கடிகாரத்தை அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து ஆல்டர்னிக்கு நடக்கிற தூரமில்லை, ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அட்டவணையில் பார்த்தால் பஸ் வந்து சேர்ந்து ஐந்து ஆறு நிமிடத்தில் ஃபெர்ரி. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஃபெர்ரிக்கு முன்னால் தண்ணீர்தான் இருக்கிறது, பஸ்ஸுக்கு முன்னால் ஊரிலுள்ள கார் எல்லாம் நிற்கிறது. வழியில் இரண்டு சிக்னல் கைவிட்டால் போதும், பஸ் துறைக்குள் திரும்பும்போது படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருக்கும். காலையில் என்றால் கால் மணி நேரம் போச்சு, பொறுத்துக்கொள்ளலாம். இரவில் திரும்பும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். ஃபெர்ரி நேரத்துக்கு வந்து இறக்கிவிடும், பஸ் வராது. ஜனவரியில் துறைமுகக் காற்றில் அரை மணி நேரம் நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் தாமதமான பஸ் நமக்கு இரண்டு நிமிடத்தைத் தின்பதில்லை, அடுத்த வண்டி வருகிற வரையுள்ள நேரம் முழுவதையும் தின்றுவிடுகிறது. மாறி ஏறுகிற பயணத்தில் இதுதான் கணக்கு. சராசரித் தாமதம் இவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஓட்டுநர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது எல்லோரும் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள், இந்த ஊரில் அது பழக்கம். ஓடி வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காத்திருந்து ஏற்றிக்கொள்பவர்கள் நிறைய. 2023இல் ஆள் பற்றாக்குறையால் பஸ்களைக் குறைத்தபோதும் திட்டு வாங்கியது அவர்கள்தான், அது நியாயமில்லை.

கோளாறு சாலையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் துறைமுகத்தைக் கடக்கிற இரண்டு பாலங்களுக்கும் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். கார்காரர்களுக்குச் சந்தோஷம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்துக் கடந்த பாலத்தை இனி சும்மா கடக்கலாம் என்றால் யார் காரை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள்? பாலத்தில் போகிற பஸ்ஸும் அந்தக் கார்களின் வரிசையிலேயேதான் நிற்கிறது. ஒரே வண்டியில் நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டு போகிறோம், பக்கத்து காரில் ஒருவர். இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே காத்திருப்பு. இது எனக்கு ஜீரணமாவதே இல்லை.

தீர்வு தெரியாத ஊர் என்றும் சொல்ல முடியாது. காட்டிங்கன் தெருவில் பஸ்ஸுக்கென்று ஒரு லேன் போட்டார்கள். பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கவலைப்பட்டார்கள், அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர்ஸ் சாலையிலும் பஸ் லேன் வந்தது. அந்த இடங்களில் மாலை நெரிசலில் பஸ் கார்களைத் தாண்டிப் போகும்போது உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். புதுப் புது பஸ் வாங்குவதைவிட, இருக்கிற பஸ்ஸுக்கு வழிவிடுவது எவ்வளவோ மேல் என்று அந்தத் துண்டுச் சாலைகளைப் பார்த்துத்தான் எனக்கு உறுதியானது.

சரி, நண்பருக்கு என் பதில். நடந்தே ஃபெர்ரிக்குப் போகிற தூரத்தில், ஆல்டர்னியைச் சுற்றி வீடு கிடைத்தால் காரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வாடகை கூடுதலாக இருக்கும், காரின் காப்பீட்டையும் தவணையையும் வைத்துக் கழித்துப் பாருங்கள். உட்சைடிலும் ஒரு ஃபெர்ரித் துறை உண்டு, அதையும் விசாரியுங்கள். ஹாலிஃபாக்ஸ் பக்கம் இறங்கியதும் ஜார்ஜ் தெரு நல்ல ஏற்றம், பனி உறைந்த நாளில் ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை இல்லாமல் ஏறாதீர்கள். பஸ் பிடித்து ஃபெர்ரி பிடிக்க வேண்டிய இடத்தில்தான் வீடு கிடைக்கும், வேலை காலை 8 மணிக்குச் சரியாகத் தொடங்கும் என்றால், கார் வாங்கிவிடுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. நான் மட்டும் இன்னும் வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. என் வேலையில் பத்து நிமிடம் முன்பின் ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள், அதனால் எனக்குக் கட்டுப்படியாகிறது. பிள்ளையைப் பராமரிப்பகத்தில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மக்டொனால்ட் பாலத்தில் மூன்று லேன். நடு லேன் காலையில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஓடும், மாலையில் டார்ட்மவுத் பக்கம். நெரிசல் நேரத்தில் ஒரு திசைக்கு இரண்டு லேன் கிடைக்கிறது, அதில் ஒன்றைப் பஸ்ஸுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. பாலம் மாகாண அரசின் கையில், பஸ் மாநகராட்சியின் கையில். ஒருவரிடம் சொன்னால் மற்றவரைக் கைகாட்ட வசதியான ஏற்பாடு. மாநகராட்சி உறுப்பினருக்கும் மாகாணச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தைத் தனித்தனியாக அனுப்புங்கள், நானும் அனுப்பியிருக்கிறேன். கார் வாங்கினாலும் அனுப்புங்கள். பஸ் வேகமாகப் போனால் உங்களுக்கு முன்னால் நிற்கிற கார்களும் குறையும்.