அம்மாவின் கைக்கு எந்தப் போன்? மலிவு விலைப் பட்டன் போன்கள் மூன்றின் ஒப்பீடு

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. நான்கு ஆண்டுகளாக அவர் கையில் இருந்த தொடுதிரை போனில், அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தை விரலால் மேலே இழுக்க வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரலுக்கு அந்த வட்டம் எளிதில் அசைவதில்லை; ஒருவழியாக அது அசையும் நேரத்தில், மறுமுனையில் நான் காத்திருந்து சலித்து வைத்துவிட்டிருப்பேன். எனவே பட்டன் போனுக்கே திரும்புவது என்று வீட்டில் முடிவாயிற்று. எந்தப் பட்டன் போன் என்பதை முடிவு செய்யத்தான் ஒரு மாதம் பிடித்தது.

கடைசிவரை பட்டியலில் நின்றவை மூன்று. முதலாவது, 2022 ஆகஸ்டில் 4,699 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான நோக்கியா 2660 ஃபிளிப். இரண்டாவது, 2024 அக்டோபரில் 2,499 ரூபாய்க்கு வந்த ஐடெல் ஃபிளிப் ஒன். இவை இரண்டும் மடக்கு போன்கள். மூன்றாவதான ஜியோபாரத் வி2 மடங்காது. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த சாதாரண நீள்வடிவப் போன்தான் அது. ஆயினும் மாதச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும் எவரும் அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் ஒப்பிட முடியாது என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன். இங்குள்ள போன் விலைகள் யாவும் அறிமுக விலைகள். கடைக்குக் கடை நூறு இருநூறு கூடலாம், குறையலாம்.

மடக்கு போன் என்றாலே பழைய நாகரிகத்தின் மீதுள்ள ஏக்கம் என்று என் மகள் கேலி செய்கிறாள். முதியவர்களைப் பொறுத்தவரை அது ஏக்கம் அன்று, நல்ல வசதி. திறந்தால் அழைப்பை எடுத்ததாகவும் மூடினால் வைத்துவிட்டதாகவும் அமைவதால், எந்தப் பட்டன் பச்சை, எந்தப் பட்டன் சிவப்பு என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. மூடியிருக்கும்போது பட்டன்கள் உள்ளே அடங்கிவிடுவதால், இடுப்பில் செருகியிருக்கும்போதோ பையில் கிடக்கும்போதோ தானாக யாருக்கோ அழைப்பு போய், நாம் பதறிப்போய்த் திரும்ப அழைக்கும் தொல்லையும் இல்லை. பேசும்போது காதிலிருந்து வாய்வரை போன் நீண்டு நிற்பதும் ஒரு நன்மையே. சின்னஞ்சிறு நீள்வடிவப் போன்களில் பேசும் பெரியவர்கள், தம் குரல் எட்டாதோ என்று போனைக் காதுக்கும் வாய்க்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அந்த வசதியே சில வேளைகளில் இடைஞ்சலாகவும் மாறும். என் சித்தப்பா பல ஆண்டுகளாக மடக்கு போன்தான் வைத்திருந்தார். எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரிடம் காட்ட வேண்டிய எண் அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். அதை நான் அலைபேசியிலேயே கேட்டு வாங்கி, வாசலில் நிற்பவரிடம் சொல்ல வேண்டும். "இருப்பா, படிச்சுச் சொல்றேன்" என்பார். அடுத்து 'டப்' என்று ஒரு சத்தம், இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். செய்தி பார்ப்பதற்கு முன்னால் பேச்சை முடித்து மூட வேண்டும் என்பது அவர் கைக்குப் பழகிப்போன முறை. "மூடாதீங்க சித்தப்பா, மூடாதீங்க" என்று நான் கத்துவதற்குள் மூடிவிடுவார். பேசிக்கொண்டே செய்தியைத் திறந்து படிப்பது எந்தப் பட்டன் போனிலும் சற்றுக் கடினம்தான். மடக்கு போனில் கூடுதல் கடினம். வங்கி, எரிவாயு, ரேஷன் என்று எண் சொல்லும் வேலை அடிக்கடி வரும் வீடுகள் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை, மடிப்புக்கு உள்ளே இருக்கிறது. மேல் பாதியில் உள்ள திரையையும் ஒலிப்பானையும் கீழ்ப் பாதியுடன் இணைக்கும் மெல்லிய பட்டை வடம், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வளைகிறது. நாளுக்கு இருபது முறை என்றாலும் ஆண்டுக்கு ஏழாயிரம் முறைக்கு மேல் வளையும். அது தேய்ந்தால் திரை வெளுக்கும், அல்லது திறந்த நிலையில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஒலி கேட்கும். நீள்வடிவப் போனில் இந்தக் கோளாறுக்கே இடமில்லை. இந்த ஒரு வகையில், 999 ரூபாய் ஜியோபாரத் மற்ற இரண்டையும் விடக் கெட்டியானது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரு மடக்கு போன்களில் நோக்கியாவின் உள்திரை 2.8 அங்குலம், ஐடெல்லின் திரை 2.4 அங்குலம். நோக்கியாவின் வெளிமூடியில் 1.77 அங்குலத்தில் தனியாக ஒரு சிறு திரை உண்டு. திறந்தவுடனே அழைப்பு இணைந்துவிடும் போனில், அழைப்பது யார் என்று திறப்பதற்கு முன்பே தெரிவது மிகவும் தேவை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளை அம்மா இப்போது திறக்காமலேயே விட்டுவிடுகிறார். பக்கவாட்டில் உள்ள அவசர அழைப்புப் பட்டன், முன்பே பதிந்து வைத்த ஐந்து பேர்வரை அழைக்கவல்லது. காது கேட்கும் கருவிகளுடனும் அந்தப் போன் ஒத்துப்போகும். ஐடெல்லில் அழைப்பவர் பெயரையும் செய்தியையும் வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. பார்வை மங்கியவர்களுக்கு வெளித்திரையைவிட அதுவே மேலானதாக இருக்கக்கூடும். மின்னேற்றும் துளையிலும் ஐடெல்லே முந்துகிறது. எப்படிச் செருகினாலும் பொருந்தும் டைப் சி அதில் உண்டு. நோக்கியாவில் இருப்பதோ பழைய மைக்ரோ யூஎஸ்பி. தலைகீழாகச் செருக முயன்று துளையைத் தளர்த்திவிடும் ஆபத்து முதியவர்களிடம் அதிகம் என்பதால் இதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் போனைப் பற்றியது. போனை வாங்கியவர்கள் உண்மையில் ஏமாறுவது சிம் கார்டில்தான். ஐடெல் ஃபிளிப் ஒன் ஒரு 2ஜி போன்; அதாவது, பழைய இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் மட்டும் இயங்குவது. ஜியோவோ 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய நாளிலிருந்தே 2ஜி இல்லாத நிறுவனம். அதன் குரல் அழைப்புகள் 4ஜி வழியாக மட்டுமே செல்லும். ஆகவே 2ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டால் 'சேவை இல்லை' என்றுதான் காட்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் ஒரு 2ஜி மடக்கு போனை வாங்கி வந்து, இரண்டு நாள் மாடிக்கும் வாசலுக்குமாக அலைந்து அலைவரிசை தேடினார். கடைக்காரர் சிம்மில்தான் கோளாறு என்றார். சிம் கொடுத்தவர் போனில்தான் கோளாறு என்றார். உண்மையில் இரண்டிலும் கோளாறு இல்லை, ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, அவ்வளவே. இதை விற்கும்போதே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் ஆகிய மூன்றும் 2ஜியில் குரல் சேவை தருவதால், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900-க்குச் செய்தி அனுப்பினால் அதற்கான குறியீடு வரும். முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த அந்த ஆசிரியருக்கே இதற்கு ஒரு வாரமும் என் உதவியும் தேவைப்பட்டன.

ஜியோபாரத்தின் கதை இதற்கு நேர் எதிர். 4ஜி போன்தான், ஆனால் ஜியோ சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காது. ஜியோ கோபுரம் அருகில் இருக்கும் வீட்டுக்கு இது ஒரு பொருட்டே அன்று. தடித்த சுவர்களும் இரண்டாம் கட்டும் கொண்ட பழைய வீடுகளிலோ, எந்த நிறுவனத்தின் அலைவரிசை அடுக்களைவரை வருகிறது என்பதே முதல் கேள்வி. அடுக்களையில் நின்று, வேறு யாருடையதேனும் ஜியோ போனில் ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது. பிடிக்கவில்லை என்றால் வேறு சிம் போட்டுக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இந்தப் போனில் இல்லை. எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல், 4ஜியில் ஜியோவையும் ஏற்று மற்றவற்றையும் ஏற்பது இந்த மூன்றில் நோக்கியா மட்டுமே. அதன் கூடுதல் விலையில் பெரும்பகுதியை நான் இந்தச் சுதந்திரத்துக்கான விலையாகவே பார்க்கிறேன்.

இனி ரீசார்ஜ். லைஃப்டைம் சிம் என்று ஒருமுறை பணம் கட்டி, உள்வரும் அழைப்புகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த காலம் 2018 நவம்பர் வாக்கில் முடிந்துவிட்டது; 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாவது போட வேண்டும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அதன்பின் கட்டணங்கள் ஏறிக்கொண்டே போயின. பட்டன் போன் வைத்திருப்பவர்களும் தாம் ஒருநாளும் தொடாத டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்டி வந்தார்கள். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தந்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை சற்று மாறிற்று. 2025 தொடக்கத்தில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று அறிவித்தது. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்று அறிவித்தது. 1,849-ஐயும் 1,748-ஐயும் பார்த்து ஜியோ மலிவு என்று சொல்லிவிடுகிறவர்கள், ஜியோவில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைவு என்பதைக் கவனிப்பதில்லை. நாள் கணக்குப் போட்டால் ஏர்டெல் 5 ரூபாய் 7 காசு, ஜியோ 5 ரூபாய் 20 காசு.

ஜியோபாரத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. 28 நாளுக்கு 123 ரூபாய். ஆண்டுத் திட்டம் என்ற பெயரில் 336 நாளுக்கு 1,234 ரூபாய். நாளொன்றுக்கு 3 ரூபாய் 67 காசுதான் ஆகிறது. அத்துடன் தினம் அரை ஜிபி டேட்டாவும் கிடைக்கிறது. இதே சிம்மை நோக்கியாவில் போட்டால் இந்தக் கட்டணம் செல்லாது. ஆக, மூன்று ஆண்டுகளுக்குப் போன் விலையையும் ரீசார்ஜையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஜியோபாரத்துக்குச் சுமார் 5,000 ரூபாய், ஏர்டெல் சிம்முடன் ஐடெல்லுக்கு 8,046 ரூபாய், அதே சிம்முடன் நோக்கியாவுக்கு 10,246 ரூபாய் ஆகும். 4,699 ரூபாய் போன் விலை உயர்ந்தது என்று தயங்குபவர்கள், மூன்று ஆண்டுகளில் அதைவிடக் கூடுதலாக ரீசார்ஜுக்கே செலவிடுகிறார்கள். எனினும் ஜியோபாரத்தைப் போல் இரு மடங்கு செலவு என்பதும் மறுக்க முடியாத உண்மைதான்.

வாட்ஸ்ஆப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: மூன்றிலும் இல்லை. 2017-இல் வந்த ஜியோபோனில் பின்னர் அது சேர்க்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, இவற்றிலும் இருக்கும் என்று எண்ணிப் பலர் வாங்கிவிடுகிறார்கள். பேரப்பிள்ளையின் முகத்தைக் காணொளியில் பார்க்க வேண்டும் என்பவருக்கு இந்த மூன்றும் சரிவராது. ஜியோபாரத்தில் யூபிஐ பணப் பரிமாற்றம் உண்டு. அம்மாவுக்கு அதில் நாட்டமில்லை, எனக்கும் அதைக் கற்றுக்கொடுக்கும் துணிவில்லை. பட்டன் போனில் மோசடிக்கே இடமில்லை என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கண்ட செயலியை நிறுவச் சொல்லும் ஏமாற்று இதில் பலிக்காது. ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எண்ணைக் கேட்கும் குரல், எந்தப் போனிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

கடைசியில் அம்மாவுக்கு நோக்கியாவையும் ஏர்டெல்லின் 365 நாள் திட்டத்தையும் தேர்ந்தேன். அம்மா வீட்டு அடுக்களையில் ஏர்டெல்தான் எடுக்கிறது. வெளித்திரையும் அவசரப் பட்டனும் மற்றவற்றில் கிடைக்காதவை. வலங்கைமானில் உள்ள பெரியம்மாவுக்கோ, யோசிக்காமல் ஜியோபாரத்தையே வாங்கிக் கொடுத்தேன். அவர் வீட்டில் அக்காள் மகன் எப்போதும் உடனிருக்கிறான், ஜியோவும் நன்றாக எடுக்கிறது, தினம் கிடைக்கும் அந்த அரை ஜிபி டேட்டாவில் பாட்டுக் கேட்கும் ஆசையும் அவருக்கு உண்டு. ஐடெல்லை, ஏர்டெல் சிம்மை ஏற்கெனவே வைத்திருந்து, மடக்கு போன் வேண்டும் ஆனால் ஐந்தாயிரம் செலவிட முடியாது என்பவர்களுக்குப் பரிந்துரைப்பேன். 2ஜி என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஓராண்டுத் திட்டத்தில் ஒரு சிறு சிக்கல் உண்டு. 28 நாள் ரீசார்ஜ் தானாகவே நினைவில் நிற்கும். 365 நாளுக்கு ஒருமுறை வருவதை யாரும் நினைவில் வைப்பதில்லை. முடிவதை எச்சரிக்கும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்தால் அம்மா அதையும் விளம்பரம் என்றே விட்டுவிடுவார். அதனால் போனின் பின்மூடியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அடுத்த ரீசார்ஜ் தேதியை அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அதன் கீழே, தன் கையெழுத்தில், என் எண்ணையும் எழுதிச் சேர்த்திருக்கிறார்.