ராம் 1500-இல் 3.21 ஆக்ஸிலா, 3.92 ஆக்ஸிலா? டிரெய்லர் இழுத்துப் பார்த்த மைலேஜ் கணக்கு

டெக்சாஸில் பிக்கப் வாங்கப் போகிற நம்ம ஆட்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "3.92 ஆக்ஸில் எடுத்தா பெட்ரோல் ரொம்பக் குடிக்குமாமே, 3.21 போதாதா?" சில வருடங்களாக 3.92 வண்டியை வைத்திருக்கிறேன். இதே வண்டியை 3.21-இலும் அடிக்கடி ஓட்டியிருக்கிறேன். டிரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் போனால் கேலனுக்கு ஒரு மைல் போல நஷ்டம். டிரெய்லரை மாட்டிவிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே கிடையாது. ஆக்ஸில் மேல் போடுகிற பழியில் பெரும்பகுதி காற்றின் மேல் போக வேண்டியது.

என்னுடையது 2019 மாடல் ராம் 1500. க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ், 5.7 லிட்டர் ஹெமி வி8, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். வீடு சான் அன்டோனியோவில். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கும் என் மச்சினன் அதே வருடம் அதே இன்ஜினோடு வாங்கினான், ஆக்ஸில் மட்டும் 3.21. டயர் அளவும் ஒன்றுதான், சுமார் 32 இஞ்ச் உயரம். நாங்கள் இழுப்பது 25 அடி கேம்பர் டிரெய்லர். தண்ணீர், சாமான், மாவு அரைக்கிற கிரைண்டர் எல்லாம் ஏற்றினால் 6,000 பவுண்டைத் தொடும், அதாவது சுமார் 2,700 கிலோ. (ஆமாம், கிரைண்டர். என் மனைவியிடம் விவாதித்துப் பயனில்லை.) டிரெய்லர் ஒன்றுதான், இரண்டு வண்டியும் மாறி மாறி இழுக்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 3.92 என்றால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.92 சுற்றுச் சுற்ற வேண்டும். நம்மூர் லாரிக்காரர்கள் கிரவுன் பினியன் என்று சொல்வது இதைத்தான். எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்தில் இன்ஜினும் அதிகமாகச் சுற்றும். மணிக்கு 65 மைலில், எட்டாவது கியரில், மச்சினன் வண்டி 1,470 ஆர்.பி.எம். பக்கம் நிற்கும், என்னுடையது 1,800. இடையில் 22 சதவீதம் வித்தியாசம். இதைப் பார்த்துத்தான் மைலேஜும் 22 சதவீதம் குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள்.

அப்படி நடப்பதில்லை. வண்டி 65 மைலில் ஓடத் தேவையான சக்தி ஆக்ஸிலைப் பொறுத்து மாறாது. காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஆகிற சக்தி அது. கூடுதல் சுற்றுக்காக நாம் கொடுப்பது இன்ஜினுக்குள் உராய்வு, காற்றை உள்ளிழுக்கும் உழைப்பு, இவ்வளவுதான். ஹெமியில் இன்னொன்றும் உண்டு. சுமை குறைந்தால் எட்டில் நான்கு சிலிண்டரை அதுவே அணைத்துக்கொள்ளும். அதே சக்தியை அதிகச் சுற்றில் கொடுக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் தேவைப்படும் டார்க் (சுழற்றும் விசை) குறைகிறது. அதனால் லேசான ஏற்றத்தில் 3.21 எட்டு சிலிண்டரையும் எழுப்பிவிடுகிற இடத்தில் 3.92 நான்கிலேயே போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால், சமதளத்தில் 65 மைல் வேகத்தில் கேலனுக்கு அவனுக்கு 21 மைல் போல, எனக்கு 20 போல. 20 என்றால் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டும்போது எந்த வண்டி எது என்று மைலேஜை வைத்துச் சொல்ல முடியாது. வருடத்துக்கு 12,000 மைல் முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓட்டினாலும் வித்தியாசம் 29 கேலன்தான். கேலன் மூன்று டாலர் என்று வைத்தால் 90 டாலருக்குள் அடங்கிவிடும்.

புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) மைலேஜ் ஸ்டிக்கரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த எண்ணை இன்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ் வகையை வைத்துப் போடுகிறார்கள். ஆக்ஸிலுக்கென்று தனி ஸ்டிக்கர் கிடையாது. டிரெய்லரோ அந்தக் கணக்கிலேயே இல்லை.

சரி, டிரெய்லரை மாட்டினால் என்ன ஆகிறது? எட்டாவது கியரை மறந்துவிடலாம், இரண்டு வண்டியுமே அதைத் தொடாது. இந்தக் கியர்பாக்ஸில் ஆறாவது கியரின் விகிதம் 1.00, ஏழாவதின் விகிதம் 0.84. அதை ஆக்ஸில் எண்ணோடு பெருக்கினால் மொத்த விகிதம். மச்சினன் வண்டி ஆறாவதில் போனால் மொத்த விகிதம் 3.21. என்னுடையது ஏழாவதில் போனால் 3.92 பெருக்கல் 0.84, அதாவது 3.29. கிட்டத்தட்ட ஒன்றேதான்! 65 மைலில் இரண்டு இன்ஜினும் 2,200 ஆர்.பி.எம். பக்கம் சுற்றும். ஆக, இந்த இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கியர். அவன் ஒரு கியர் இறக்கி ஓட்டுகிறான், நான் இறக்காமல் ஓட்டுகிறேன். சக்கரத்துக்குப் போகிற இழுவையும் இன்ஜின் சுற்றும் ஒன்றாக இருக்கும்போது பெட்ரோல் மட்டும் எப்படி மாறும்? இருவருக்கும் 9-இலிருந்து 10 மைல்தான் வருகிறது, லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டர்கூட வராது.

ஆறு கியர் வண்டிகளில் கதை வேறு. 2014 வாக்கில் வந்த சில்வராடோவில் நாலாவது கியர் 1.15, ஐந்தாவது 0.85. நடுவில் பெரிய பள்ளம். 3.08 ஆக்ஸிலோடு டிரெய்லர் இழுத்தால் ஐந்தாவதில் திணறும், நாலாவதில் அலறும், இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தவிக்கும். ஆக்ஸில் பற்றி இன்றைக்கும் காதில் விழுகிற ஆலோசனைகளில் பாதி அந்தக் காலத்தையும் அதற்கு முந்தைய நாலு கியர் காலத்தையும் சேர்ந்தவை.

மச்சினனுக்கு இதைப் புரியவைக்க ஃபோர்ட் டேவிஸ் பயணம்தான் உதவியது. மெக்டொனால்ட் வானாய்வகத்துக்குப் பக்கத்தில், டேவிஸ் மவுண்டன்ஸ் ஸ்டேட் பார்க்கில் கேம்பிங். சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10-இல் மேற்கே ஜங்ஷன், ஓஸோனா, ஃபோர்ட் ஸ்டாக்டன் வழியாகச் சுமார் 400 மைல். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 650 அடி, ஃபோர்ட் டேவிஸ் 5,000 அடியை ஒட்டி. போகிற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், அதற்கு மேல் மேற்கிலிருந்து எதிர்க்காற்று. போகும்போது அவன் வண்டி இழுத்தது.

ஓஸோனாவில் பெட்ரோல் போட நின்றபோது அவன் முகம் வாடியிருந்தது. "மாமா, எட்டைத் தாண்ட மாட்டேங்குது. பேசாம 3.92 போட்டுடலாமா?"

"இரு மாப்ளே, திரும்பி வரும்போதும் உன் வண்டியே இழுக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன்.

வரும்போது அதே வண்டி, அதே டிரெய்லர், 11-க்கு மேல் கொடுத்தது. இறக்கமும் முதுகுக் காற்றும் செய்த வேலை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வண்டி 60 மைலில் போய், எதிர்க்காற்று 20 மைல் வீசினால், டிரெய்லரின் முகப்புக்கு அது 80 மைல் காற்று. தள்ள வேண்டிய விசை 1.78 மடங்கு. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 40 மைல்தான், விசை பாதிக்கும் கீழே. இதற்கு முன்னால் ஆக்ஸிலின் ஒரு மைல் எங்கே நிற்கும்? ஒரு திசையில் மட்டும் ஓட்டிவிட்டு மைலேஜ் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எடையைவிட உயரமும் அகலமும்தான் பெட்ரோலைக் குடிக்கிறது என்பதற்கு இன்னொரு ஆதாரமும் எங்களிடம் இருக்கிறது. தோட்டத்துக்குத் தளக்கல் வாங்க, தாழ்வான தட்டையான வாடகை டிரெய்லரில் ஏறக்குறைய கேம்பர் எடையையே ஏற்றி வந்திருக்கிறேன். 13, 14 வரை கொடுத்தது. கேம்பர் எட்டடி அகலத்தில் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது, அதுதான் வினை. ஐ-10-இல் மேற்கே 80 மைல் வரை அனுமதி உண்டு. லாரிகள்கூட நம்மைத் தாண்டிப் போகும், போகட்டும். 70-இலிருந்து 60-க்கு இறங்கினால் காற்றின் விசை கால் பங்குக்கு மேல் குறைகிறது. பல டிரெய்லர் டயர்களுக்கு உச்ச வேகமே 65 மைல்தான் என்பதும் நினைவிருக்கட்டும். கலிஃபோர்னியாவில் டிரெய்லரோடு 55-க்கு மேல் போகவே கூடாது.

ஆக்ஸில் மாற்றுகிற செலவையும் விசாரித்தோம். ஃபோர் வீல் டிரைவ் என்பதால் முன்னும் பின்னும் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீலில் போட்ட கணமே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இழுபடும். ரிங் கியர், பினியன், பேரிங், ஷிம் வைத்து அளந்து பொருத்துகிற கூலி, கம்ப்யூட்டரில் புது விகிதத்தைப் பதிவது என்று ஆயிரக்கணக்கில் டாலர் வரும். அப்படிச் செய்தாலும் கம்பெனி அந்த வண்டிக்கு எழுதிக் கொடுத்த இழுவை வரம்பு காகிதத்தில் ஏறாது. மச்சினன் அந்த எண்ணத்தை விட்டுவிட்டான்.

ஆனால் டயர் விஷயத்தில் அவனைத் தடுக்க முடியவில்லை. டிரெய்லர் இழுப்பதற்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதிகச் சுமை தாங்கும் லோடு ரேஞ்ச் ஈ வகை எல்.டி. (லைட் டிரக்) டயர் நான்கு போட்டான், உயரமும் 33 இஞ்ச். கனமான டயர், கெட்டியான பக்கச்சுவர், உருளும் எதிர்ப்பும் அதிகம். டிரெய்லர் இல்லாத நாட்களிலேயே ஒன்றரை மைல் போய்விட்டது. 3.92 ஆக்ஸில் எனக்கு எடுத்துக்கொள்வதைவிட அதிகம்! நியாயமாகச் சொன்னால் அதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை. டயர் உயரம் மூன்று சதவீதம் கூடினால் ஓடோமீட்டர் மூன்று சதவீதம் குறைவாகக் காட்டும், ஓடிய தூரம் காகிதத்தில் சுருங்கும். அதைத் திருத்திய பிறகும் நஷ்டம் நஷ்டம்தான். டிரெய்லரோடு வண்டி ஆடாமல் நிற்கிறது என்கிறான், அது உண்மை. தினமும் ஆபீஸ் போய்வருகிற வண்டிக்கு அந்த விலை கட்டுமா என்பது அவன் பாடு.

மற்ற சாமான்களில் மைலேஜைத் தொடுவது பின்னால் பார்க்கிற பக்கக் கண்ணாடிதான். மாட்டிக் கழற்றுகிற நீட்டுக் கண்ணாடியை டிரெய்லர் இல்லாதபோதும் விட்டுவைத்தால் காற்று இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும், கழற்றிவிடுங்கள். எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிரிங் பார் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டுகிற இணைப்பு) பெட்ரோலை மிச்சப்படுத்தாது. ஆனால் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஸ்டீயரிங் கையில் நிற்கும், அதற்காகவே வேண்டும். டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலருக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. டோ-ஹால் பொத்தானை டிரெய்லர் இருக்கும்போது மட்டும் போடுங்கள். மேல் கியருக்குப் போகவிடாமல் அது பிடித்து வைக்கும், காலி வண்டியில் அது வீண். எண்ணெய் கூலரும் பெரிய ரேடியேட்டரும் கோடையில் ஏற்றத்தில் நிம்மதி தருகின்றன, மைலேஜில் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் 3.92 எதற்கு? கேம்ப்கிரவுண்டில் ஏற்றமான கப்பிக்கல் பாதையில் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள், தெரியும். ரிவர்ஸில் இறக்கிக்கொள்ள இன்னொரு கியர் கிடையாது. முதல் கியரிலும் அப்படித்தான். என் வண்டியில் மொத்த விகிதம் 18.5, அவனுடையதில் 15.1. நின்ற இடத்திலிருந்து மேட்டில் கிளம்பும்போது அவன் வண்டி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் வழுக்கிச் சூடேறும், என்னுடையது சட்டென்று நகர்ந்துவிடும். அப்புறம் இழுவை வரம்பு. இதே இன்ஜினுக்கு இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் சுமார் 3,000 பவுண்டு வித்தியாசம். 6,000 பவுண்டு டிரெய்லரை இரண்டும் இழுக்கும். 9,000 பவுண்டு என்றால் 3.21 ஆட்டத்திலேயே இல்லை.

நெடுஞ்சாலையில் ஓடும் பதினெட்டுச் சக்கர லாரிகள் நேர் எதிர்த் திசையில் போகின்றன என்று ஒருவர் வாதாடினார். உண்மைதான், அவை சிறிய எண் ஆக்ஸில் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடுகின்றன. ஆனால் அந்த டீசல் இன்ஜின் 1,100 ஆர்.பி.எம். பக்கத்திலேயே முழு டார்க்கும் கொடுக்கும், ஹெமிக்கு உச்ச டார்க் வருவதே 3,950-இல். டிரெய்லருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாகத் தகடு தொங்கவிட்டிருப்பதையும் அவர் பார்த்திருக்க வேண்டும். சொட்டுக்குச் சொட்டு கணக்குப் பார்க்கிறவர்கள் காற்றுக்காகச் செலவழிக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு என் கருத்து: 5,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லர் வைத்திருந்தாலோ, வாங்கும் எண்ணம் இருந்தாலோ 3.92 எடுங்கள். படகோ சின்ன வாடகை டிரெய்லரோ எப்போதாவது இழுப்பவருக்கு 3.21 தாராளம். எதுவானாலும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோடு எண்ணை, அதாவது வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடையைப் பாருங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்காரும், குடும்பமும் சாமானும் ஏறினால் ஆக்ஸிலுக்கு முன்னால் பேலோடுதான் தீர்ந்துபோகும். 33 கேலன் டேங்க் கிடைத்தால் விடாதீர்கள். மைலேஜ் அதிகமாகாது, ஆனால் ஓஸோனாவுக்கும் ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் நடுவில் நூறு மைலுக்கு மேல் பெட்ரோல் முள்ளைக் கவனித்துக்கொண்டே ஓட்டுகிற பதற்றம் இருக்காது.

பழைய வண்டி என்றால் எந்த ஆக்ஸில் என்று விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து டீலரிடம் பில்ட் ஷீட், அதாவது வண்டியில் என்னென்ன பொருத்தி வந்தது என்கிற பட்டியலைக் கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் டெஸ்ட் டிரைவில் சமதளத்தில் எட்டாவது கியரில் 65-ஐப் பிடித்துக்கொண்டு டாக்கோமீட்டரைப் பாருங்கள். 1,500-க்குக் கீழே நின்றால் 3.21, 1,800-ஐ ஒட்டி நின்றால் 3.92.