குவாண்டம் அலைவா, ஆர்பெஸா: அடுக்கு ஆக்சைடுகளில் எதை நம்புவது?

ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்ற அடுக்கு ஆக்சைடின் ஃபெர்மி பரப்பு, அதாவது எலக்ட்ரான்களின் உந்த வெளியில் (உந்தங்களை அச்சாகக் கொண்ட வரைபடத்தில்) நிரம்பிய நிலைகளையும் காலி நிலைகளையும் பிரிக்கும் எல்லை, எப்படி இருக்கும் என்று 1996-இல் கேட்டிருந்தால் இரண்டு பதில் கிடைத்திருக்கும். காந்தப்புலம் மாறும்போது எழும் குவாண்டம் அலைவை அளந்தவர்கள், அந்தப் பரப்பின் மூன்று உருளைகளில் காமா எனப்படுவது எலக்ட்ரான் வகை (நிரம்பிய நிலைகளைச் சூழ்வது) என்றார்கள். ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி, அதன் ஆற்றலையும் கோணத்தையும் அளக்கும் ஆர்பெஸ் முறையோ காமாவைத் துளை வகை (காலி நிலைகளைச் சூழ்வது) என்றது.

குறை மேற்பரப்பில் இருந்தது. ஆர்பெஸில் வெளிவரும் எலக்ட்ரான்கள் மேலே உள்ள சில அணு அடுக்குகளைச் சேர்ந்தவை. இந்தப் படிகத்தின் மேற்பரப்பிலோ ருத்தேனியத்தைச் சூழ்ந்த ஆக்சிஜன் எண்முகிகள் சற்றே திரும்பி நிற்கின்றன. 2000-இல், சற்று உயர்ந்த வெப்பநிலையில் படிகத்தைப் பிளந்து அந்த மேற்பரப்பின் சமிக்ஞையை மங்கச் செய்தபோது, ஆர்பெஸ் படம் அலைவு முடிவோடு ஒத்துப்போனது.

அலைவு முறை படிகத்தின் உள்ளிருந்தே பேசுகிறது. கடுங்குளிரில் காந்தப்புலத்தை மாற்ற மாற்ற, காந்தமாதல் ஏறி இறங்கும். அந்த அலைவெண்ணிலிருந்து உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும் என்று இயற்பியலாளர் ஆன்சாகர் 1952-இல் காட்டினார். வெப்பம் கூடும்போது அலை தேய்வதை வைத்து, படிகத்துக்குள் எலக்ட்ரான் எவ்வளவு கனமாக நடந்துகொள்கிறது என்ற பயனுறு நிறையும் தெரியும். காமாவில் அது வெற்று எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 15 மடங்கு! உருளையின் மெல்லிய நெளிவைக்கூட இது பிடித்துவிடும். அந்தத் துல்லியம் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் இது பரப்பைச் சொல்லும், அந்தப் பரப்பு உந்த வெளியில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. படிகமும் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எலக்ட்ரான் ஒரு சுற்று முடிக்கும் முன்பே மாசில் மோதி அலை அழிந்துவிடும். ஆர்பெஸுக்கு இந்த அளவு தூய்மையும் வேண்டாம், காந்தப்புலமும் வேண்டாம். இடத்தோடு வரைபடமே தந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? தூய படிகம் கையில் இருந்தால் என் ஓட்டு முதலில் அலைவுக்கே. செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளான குப்ரேட்டுகளில்தான் அந்த உறுதி தளர்கிறது. மிகையாகத் துளையேற்றிய (எலக்ட்ரான்களை எடுத்துக் காலியிடங்களைக் கூட்டிய) தாலியம் குப்ரேட்டில் இரண்டு முறைகளும் ஒரே பெரிய உருளையைக் காட்டுகின்றன. ஆனால் குறைவாகத் துளையேற்றிய யிட்ரியம் பேரியம் குப்ரேட்டில் 2007-இல் கிடைத்த அலைவெண் சுமார் 530 டெஸ்லா (காந்தப்புலத்தின் தலைகீழைப் பொறுத்த அலைவு என்பதால் இந்த அலகு). அதற்குரிய பரப்பு, படிகத்தின் உந்த வெளியின் அடிப்படை அலகான பிரில்லுவன் மண்டலத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் மட்டுமே. குறைவாகத் துளையேற்றிய குப்ரேட்டுகளில் ஆர்பெஸ் காட்டுவதோ பாதியில் அறுந்த வில்கள். அலைவு தெரிய வேண்டுமானால் மீக்கடத்தலை அடக்கும் வலுவான புலம் தேவை, ஆர்பெஸ் புலமே இல்லாமல் அளக்கிறது. அதனால் இங்கே இரண்டும் பார்ப்பது ஒரே நிலைதானா என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.