டெம்போ டிராவலர் கேம்பர்: கோடைக்குக் கோடை ஓட்டிய பிறகு, முக்கியமாக அதிலிருக்கும் டாய்லெட் பெட்டியைப் பற்றி

"நானும் ஒரு வேனை வாங்கி உன்னை மாதிரி வீடாக்கிடலாம்னு இருக்கேன் மாப்ளே, உண்மையைச் சொல்லு" என்று கல்லூரி நண்பன் ஒருத்தன் கேட்டிருக்கிறான். உண்மை நீளம், போனில் அடங்காது. எழுதிவிடுகிறேன்.

வண்டி 3350 மி.மீ. வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) டிராவலர். இரண்டு பெர்த், ஒரு பெஞ்ச், சிங்க், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், கூரையில் சோலார், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. இந்தக் கணக்கெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, பார்த்துக்கொள். ஆர்டிஓ அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பட்டறைக்காரரை வண்டியைத் தொட விடவேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்றத்தைப் பதியவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வெயிலைப் பற்றியும் இரண்டு வரி. 12 வோல்ட்டில் 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் கையில் இருப்பது இரண்டரை யூனிட் கரண்ட். ஏசி ஒரு கிலோவாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்குள் வண்டியில் படுப்பதைவிட மொட்டைமாடியில் பாய் விரிப்பது மேல். சோலார் பேனலும் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகும். தகடு சுடச்சுட வரவு குறையும். புளியமர நிழலில் நிறுத்தினால் நமக்குச் சுகம், பேட்டரிக்குப் பட்டினி. சரி, அது போகட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது டாய்லெட்டைப் பற்றி.

பின்பக்கம், பெர்த்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு போர்ட்டபிள் டாய்லெட் இருக்கிறது. மேல் பாதியில் ஃப்ளஷ் தண்ணீர், கீழ் பாதியில் கழிவு, இரண்டுக்கும் நடுவே இழுத்துத் தள்ளும் ஒரு பிளேடு. கீழ்ப் பாதியைக் கழற்றினால் சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடியோடு வரும். பட்டறைக்காரர் "இடம் வீண் சார், அங்கே ஒரு ஷெல்ஃப் அடிச்சுருவோம்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் இந்த வண்டியே வீண்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை உண்டு. வெளியூர் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவார். காலையில் காபியை ஒதுக்கிவிடுவார். வழியில் எதை நீட்டினாலும் "இப்ப வேணாம்பா". மே மாத வெயிலில் நாக்கு வறள உட்கார்ந்து வருவார். காரணத்தை வாய் விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நம்மூரில் பெண்கள் பாதிப்பேர் இப்படித்தான் பஸ் ஏறுகிறார்கள். ஆம்பளை வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேலிப்பக்கம் போய்விடுவான், அவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரியாது. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் "நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா ஒதுங்க ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இந்த வண்டியில் ராமேஸ்வரம் போனோம். பரமக்குடி தாண்டி ரோட்டோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒன்றைக் குடித்து, மட்டையில் சீவிய கரண்டியால் வழுக்கையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னொண்ணு வெட்டுப்பா, தண்ணி நிறைய இருக்கிறதாப் பார்த்து" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாம்பன் பாலத்துக்கு முன்னால் ஒருதரம் நிறுத்தச் சொன்னார், திரையை இழுத்துவிட்டுக்கொண்டார், முடிந்தது. தனுஷ்கோடியில் சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்; அவர் அரிச்சல்முனையில் சாவகாசமாகக் கடல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவரை படித்துவிட்டு நீ பட்டறைக்குப் போன் போட்டுவிடாதே. பெட்டி நிரம்பும். அதை யாராவது காலி பண்ண வேண்டும். அந்த யாராவது நீதான்.

வெளிநாட்டில் கேம்ப்சைட்டுக்குக் கேம்ப்சைட் இதற்கென்று குழி இருக்கும். கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்து, அடுத்த வருஷம் வாகமனில் கேரவன் பார்க்கும் திறந்துவிட்டார்கள். குமுளி தாண்டினால் அந்தக் கதை. குமுளிக்கு இந்தப் பக்கம் நாம் பெட்ரோல் பங்க் பையன்களின் கருணையை நம்பி ஓட்டுகிறோம். டீசலை நிரப்பிவிட்டுக் கேட்டால் சிலர் சாவி கொடுப்பார்கள். பெட்டியைப் பார்த்ததும் பாதிப்பேர் "டேங்க் ரிப்பேர் சார்" என்பார்கள்.

தேனி ரோட்டில் ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை. மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் "ஆளுக்குப் பத்து ரூபா" என்றார். நான் பெட்டியைக் கீழே வைத்து விஷயத்தைச் சொன்னேன். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ள எத்தனை ஆளு சார்?" என்றார். சிரிக்காமல் கேட்டார். ஐம்பது ரூபாய் கொடுத்தேன், சில்லறையாக இருபது திருப்பித் தந்தார்.

இன்னொரு இடத்தில், ஒரு லாட்ஜில், "அதைக் கூட்டுற ஆள்கிட்ட குடுத்துருங்க சார், அவங்க பார்த்துப்பாங்க" என்றார்கள். கோபம் வந்தது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுத்து 2013-ல் சட்டம் போட்டிருக்கிறோம். என் வீட்டுப் பெட்டியை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு நான் டிபன் சாப்பிடப் போவதா? கையுறை போட்டு, மாஸ்க் போட்டு நானே ஊற்றுகிறேன், நானே கழுவுகிறேன். இது முடியாதவன் இந்த வண்டிப் பக்கமே வரக்கூடாது.

நாற்றத்துக்காகப் பெட்டிக்குள் ஊற்றிவைக்கும் திரவத்திலும் சூட்சுமம் இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு கலந்த நீலத் திரவம் நாற்றத்தை அடக்கும், ஆனால் செப்டிக் டேங்கில் போய் அங்கே மக்கவைக்கிற பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். நாகமலைப் புதுக்கோட்டையில் என் வீட்டில் செப்டிக் டேங்க்தான், அதனால் என்சைம் வகைதான் வாங்குகிறேன். விலை கூட. எத்தனை நாள் தாங்கும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும் கணக்கெல்லாம் குளிர் தேசத்துக்கு. நம் சித்திரையில் அதில் பாதியைத் தாண்டினாலே பெட்டி உப்ப ஆரம்பிக்கும்.

உப்புவது என்றதும் கொடைக்கானல் ஞாபகம் வருகிறது. அது ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், மதுரை நூறு மீட்டர் சொச்சம். மேலே போனால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழே மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கீழ்க்காற்று, அதோடு வெயிலில் ஊறிய வாயுவும் சேர்ந்திருக்கும். வத்தலக்குண்டு, காட்ரோடு, மலைப்பாதை முழுக்க அது வெளியேற வழி தேடிக்கொண்டே வருகிறது. ஏரிக்கரையில் என் மச்சினன், காற்றை விடுகிற பட்டனை அமுக்காமல், பிளேடை ஒரே இழுப்பாக இழுத்தான். போட்டிருந்தது புதுசாக எடுத்த வெள்ளைச் சட்டை. மேற்கொண்டு விவரிக்கவில்லை. இ-பாஸுக்கு வண்டி நம்பர், ஆள் கணக்கு எல்லாம் பொறுமையாக நிரப்பி ஏறியவர்கள், அன்றைக்கு மத்தியானம் சோப்புக் கடை தேடிக்கொண்டிருந்தோம்.

இப்போது வந்த செலவு அந்தப் பிளேடைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல். இழுக்க இறுகியபோது ஒர்க்‌ஷாப்பில் "கிரீஸ் சார், வழவழன்னு ஓடும்" என்று நான் பார்ப்பதற்குள் தடவிவிட்டார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் ஊதி நெகிழ்ந்துவிடும், சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும்தான் ஆகும். நெகிழ்ந்தது, கசிந்தது. மதுரையில் கேட்காத கடை இல்லை. கடைசியில் கூரியரில் வரவழைத்தேன். சீல் சில நூறு ரூபாய். அது வந்து சேரும் வரை வண்டிக்குள் அடித்த வாடைக்கு விலை கிடையாது. மாற்றிவிட்டேன், ஆனாலும் மத்தியான வெயிலில் கதவைத் திறந்தால் லேசாக ஏதோ இருக்கிறது. மனைவி இல்லை என்கிறாள். எனக்கு இருக்கிறது.

ஆக, மாப்ளே, பண்ணாதே. இத்தனை லட்சம் போட்டு, லீவு நாளெல்லாம் கையுறையோடு நிற்க வேண்டாம். பெட்டியை மட்டும் வாங்கி உன் மாருதி ஈக்கோவில் பின்சீட்டை மடக்கி வை, சுற்றி ஒரு திரை கட்டு, உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போ.

அப்படியானால் உன் வண்டியை எனக்கே கொடு என்று கேட்பாய். இப்போதைக்கு இல்லை. ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் போக அம்மா தேதி குறித்துவிட்டார், அத்தைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டும் விட்டார். அந்தக் கண்மாய்க்கரையில் தண்ணிக் குழாய்கூடக் கிடையாது.