பொறியியல் கவுன்சிலிங் இணையதளம்: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு எது வரை உதவும்?

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை, அதாவது டிஎன்இஏ, 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. முன்பு சென்னைக்கு ரயிலேறிப் போய் வந்ததில் அதிகம் அலைந்தது நாகர்கோவில்காரர்கள்தான். அந்த அலைச்சல் ஒழிந்தது. சீட் ஒதுக்கும் வேலையில் இந்தச் சேவையைக் குறை சொல்ல அதிகமில்லை. ரேங்க், இடஒதுக்கீடு, நாம் கொடுத்த வரிசை, இந்த மூன்றும்தான் கணக்கு. ஆனால் எந்தக் கல்லூரியில் படித்தால் வேலை கிடைக்கும் என்று அது சொல்லாது. அதை நாம்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ரேங்கை முடிவு செய்யும் மதிப்பெண்ணான கட்-ஆஃப் 200க்கு. கணிதம் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. 92, 84, 80 எடுத்தால் 92 + 42 + 40 = 174. இதில் யாரும் தடுமாறுவதில்லை. நம் மாவட்டத்தில் இடறுவது வேறு இடத்தில். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கே மிஷன் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. அவற்றில் படித்தவர்கள் இதில் வரமாட்டார்கள். "கவர்ன்மென்ட் சம்பளம்தானே வாங்குறாங்க" என்று டிக் அடித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் வேறு கணக்கு. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு.

அடுத்தது எல்லைப் பக்கம். களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதியிலிருந்து பிள்ளையைப் பாறசாலைக்குப் படிக்க அனுப்பியவர்கள், 8 முதல் 12 வரை ஒரு வகுப்பு கேரளத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதை மறக்கக்கூடாது. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது பிரௌசிங் சென்டர்காரரின் போன் நம்பரைக் கொடுக்கவே கூடாது. ஓடிபி அவருக்குப் போகும், கடை பூட்டியிருந்தால் நாம் வெளியே நிற்போம்.

வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் பில்லிங்தான் மொத்த விஷயமும். மென்பொருள் நம் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, நம் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். எட்டாத கல்லூரியை முதலில் வைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். மாறாக, "இது உறுதியாகக் கிடைக்கும்" என்று ஒரு கல்லூரியை மேலே வைத்தால் அதுவே கிடைக்கும், கீழே எழுதிய நல்ல கல்லூரிகளை அது பார்க்கவே பார்க்காது. பத்து சாய்ஸோடு நிறுத்துவதும் தப்பு. எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண் வரை சீட் போனது என்று காட்டும் போன வருடக் கட்-ஆஃப் பட்டியலில் நம் இடஒதுக்கீட்டுப் பிரிவின் கட்டத்தைப் பார்த்து, மேலேயும் கீழேயும் தாராளமாக நிரப்புங்கள். பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டைப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியும், திருநெல்வேலி மண்டல வளாகமும், நாகர்கோவில் கோணம் என்ற இடத்திலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரில்தான் வருகின்றன. மூன்றின் கட்-ஆஃபும் ஒன்றல்ல.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டே நாள். "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்ற வாய்ப்பை எடுத்து, மேலே இருப்பது கிடைத்துவிட்டால் பழைய சீட் திரும்ப வராது. அதனால் கையிலிருப்பதைவிட உண்மையிலேயே வேண்டியவை மட்டும் மேலே இருக்கட்டும்.

இனி கல்லூரியின் தரம். விளம்பரப் பலகையின் "வேலைவாய்ப்பு 100 சதவீதம்" என்பதைத் தள்ளிவிட்டு, கல்லூரியின் இணையதளத்தில் என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை) என்ற இணைப்பைத் தேடுங்கள். அந்தத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரி தன் விவரங்களை அங்கே பிடிஎஃப் ஆகப் போட்டிருக்க வேண்டும். அதில் முதலாண்டில் சேர்ந்தோர், குறித்த காலத்தில் பட்டம் முடித்தோர், வேலை பெற்றோர், இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது), மேற்படிப்புக்குப் போனோர் என்று தனித்தனியாக இருக்கும். உதாரணத்துக்கு, சேர்ந்தவர் 300, முடித்தவர் 180, வேலை பெற்றவர் 120 என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி சொல்வது 67 சதவீதம். சேர்ந்த பிள்ளையின் கணக்கில் அது 40. சேர்ந்த 300 பேரில் 120 பேர் குறித்த காலத்தில் பட்டம் முடிக்கவில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தர அங்கீகாரம் இரண்டு வகை. நாக் (NAAC) என்பது கல்லூரி முழுமைக்கும். என்பிஏ (NBA) ஒவ்வொரு படிப்புக்கும் தனி. கல்லூரிக்கு நாக்கின் ஏ பிளஸ் இருந்தும், நாம் சேரும் புதுப் பிரிவுக்கு என்பிஏ இல்லாமல் இருக்கலாம். வளைகுடாவோ வெளிநாடோ போக நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று புதிதாகத் தொடங்கிய பிரிவென்றால், எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் போகவில்லையென்றால் அங்கே வேலைவாய்ப்புக் கணக்கே கிடையாது.

உள்ளூரில் கோணம் கல்லூரி கட்டணத்தில் சிக்கனம். வீட்டிலிருந்தே போய் வருகிறவர்களுக்கு விடுதிச் செலவும் மிச்சம். குமாரகோவிலிலுள்ள நூருல் இஸ்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் இந்தக் கவுன்சிலிங்கில் வராது, சேர்க்கை தனி. சுயநிதிக் கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தைவிட பஸ் கட்டணத்தைத்தான் கறாராகக் கேட்க வேண்டும். நான்கு வருடத்துக்கும் சேர்த்து எழுதிக் கூட்டிப் பாருங்கள், சில வீடுகளுக்குத் திருநெல்வேலி அரசுக் கல்லூரியின் விடுதியே மலிவாக முடியும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடு தேடி வரும் ஏஜென்ட், "சாய்ஸ் நானே போட்டுத் தாரேன்" என்பார். லாகினைக் கொடுத்தால், அவருக்குக் கமிஷன் கிடைக்கும் கல்லூரி நம் பட்டியலில் முதலில் ஏறும். ஒரிஜினல் சான்றிதழையும் எந்தக் கல்லூரியிலும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கேட்டால் நகல் போதும்.