தெருத்தெருவாகப் பேருந்தா, அடிக்கடி வரும் சில தடங்களா?

ஒரு நகரின் பொதுப் போக்குவரத்தைத் திருத்தி அமைக்க முற்படும்போது, பெரும்பாலும் இரண்டு வரைபடங்களே போட்டிக்கு நிற்கின்றன. முதலாவதில் பேருந்துத் தடங்கள் வளைந்து நெளிந்து ஏறத்தாழ எல்லாக் குடியிருப்புகளுக்குள்ளும் நுழைந்து வெளியேறுகின்றன. இரண்டாவதில் நேரான சில தடங்கள் மட்டுமே இருக்கின்றன. வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட தொலைவு நடைபாதைக்கும் மிதிவண்டிப் பாதைக்கும் விடப்படுகிறது. பார்த்த மாத்திரத்தில் முதல் வரைபடமே தாராளமாகத் தோன்றும். காத்திருக்கும் நேரம் எந்த வரைபடத்திலும் கோடாக விழுவதில்லை அல்லவா?

கணக்குக்காக 12 பேருந்துகள் கைவசம் இருப்பதாகக் கொள்வோம். போய்த் திரும்ப 60 நிமிடம் பிடிக்கும் ஆறு வளைந்த தடங்களில் இரண்டிரண்டாக அவற்றை ஓட்டினால், 30 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். அதே 12 பேருந்துகளை, போய்த் திரும்ப 40 நிமிடமே ஆகும் மூன்று நேரான தடங்களில் நான்கு நான்காக விட்டால், 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். சராசரிக் காத்திருப்பு 5 நிமிடமாகக் குறையும். நிறுத்தம் 300 மீட்டருக்குப் பதிலாக 600 மீட்டர் தள்ளிப்போனாலும், நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பவருக்கு அதனால் கூடுவது நான்கு நிமிடத்துக்கும் குறைவே. இடையில் பேருந்து மாற வேண்டியிருந்தால் காத்திருப்பில் உள்ள வேறுபாடு இரட்டிப்பாகிவிடும்.

எனினும், நான்கு நிமிட நடை எல்லோருக்கும் ஒன்றல்ல. முதியோருக்கும் ஊன்றுகோலுடன் நடப்பவர்க்கும் வாசலருகே வரும் பேருந்தே பேருந்து. அவர்களைப் பொறுத்தவரை முதல் வரைபடமே சரியானது. 2015 ஆகஸ்டில் தன் உள்ளூர்ப் பேருந்துத் தடங்களை ஒரே நாளில் மாற்றியமைத்த அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம்கூட, வளங்களில் பெரும்பகுதியை அடிக்கடி வரும் தடங்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஒரு பகுதியைப் பயணிகள் குறைவான இடங்களுக்கென்றே தனியாக வைத்தது. இரண்டு நோக்கங்களையும் ஒரே தடத்தில் திணிக்காமல் இப்படிப் பிரித்து ஒதுக்குவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

இரண்டாவது திட்டத்தின் உண்மையான சோதனை நிறுத்தத்துக்குச் செல்லும் வழியில்தான் இருக்கிறது. நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து, அதற்குள் வாழ்வோர் அனைவரும் பயன்பெறுவர் என்று எழுதிவிடுவது எளிது. முட்டுச்சந்துகளும் நீண்ட மதில்களும் அந்த 400 மீட்டரை 900 ஆக்கிவிடும். மதிலில் திறக்கும் ஒரு சிறு வாயில், புதிதாக வாங்கும் ஒரு பேருந்தைவிட அதிகமானோரை நிறுத்தத்தின் அருகில் கொண்டுவரக்கூடும். பெருஞ்சாலையைக் கடக்க நடைமேம்பாலமா, சாலை மட்டத்திலேயே சைகை விளக்குடன் கூடிய கடப்பிடமா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆறு மீட்டர் உயரமுள்ள பாலத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும்படி 12க்கு 1 என்ற சரிவில் சாய்தளம் அமைத்தால், ஏற 72 மீட்டர், இறங்க 72 மீட்டர் என்றாகிறது. தடம் மாற்றி மிச்சப்படுத்திய நேரத்தில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் அங்கேயே கரைந்துவிடும். பாலத்தால் நிற்காமல் போவது வாகனங்கள் மட்டுமே.

மிதிவண்டி இந்தக் கணக்கை வேறொரு தளத்துக்குக் கொண்டு செல்கிறது. பத்து நிமிடத்தில் நடந்து 800 மீட்டர் போகலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 2.5 கிலோமீட்டர் போகலாம். தொலைவு மூன்று மடங்குதான், ஆனால் நிறுத்தத்துக்கு வந்துசேரக்கூடிய பரப்போ ஏறத்தாழ பத்து மடங்கு. வண்டியைப் பேருந்திலேயே ஏற்றிச் செல்லும் ஏற்பாடு கவர்ச்சியாகத் தெரிந்தாலும், பேருந்தின் முன்புறச் சட்டத்தில் இரண்டு மூன்று வண்டிகளுக்கே இடம் இருக்கும். நான்காவதாக வருபவர் நின்றுவிட வேண்டியதுதான். பாதுகாப்பான மிதிவண்டி நிறுத்தகத்துக்கு அந்த வரம்பு இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 மிதிவண்டிகள் நிற்கும் இடம் இருக்கிறது. இறங்கும் இடத்தில் வண்டி இராது என்ற குறைக்கு அந்நாட்டு நிலையங்களில் வாடகை மிதிவண்டி கிடைக்கிறது. அது இல்லாத நகரங்களில் மறுமுனை நடையையே நம்பியிருக்க வேண்டும். பாதையைப் பொறுத்தவரை, சாலையோரம் வெறும் வண்ணக்கோடு போட்ட பத்துத் துண்டுகளைவிட, தடுப்புடன் நிறுத்தம்வரை அறுபடாமல் செல்லும் ஒரே பாதை மேல்.

ஆகவே நான் இரண்டாவது வரைபடத்தின் பக்கமே நிற்கிறேன், ஒரு நிபந்தனையுடன். தடங்களை ஒரே இரவில் மாற்றிவிட முடியும். நடைபாதையும் கடப்பிடமும் கட்ட ஆண்டுகள் பிடிக்கும். அவற்றை அடுத்த கட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டுப் பேருந்துகளை மட்டும் உடனே நேராக்கினால், மக்கள் நெடுந்தொலைவு நடக்கவும் வேண்டும், நடக்க வழியும் இராது. அத்தகைய நகரில் கடப்பிடங்கள் திறக்கப்படும்வரை பழைய வளைந்த தடங்களையே ஓட்டுவது நல்லது.