சீட்டு வித்தை: கணக்கா, ட்ரிக் கட்டா, கைவேகமா?

சீட்டு வித்தை கற்க வருகிறவர்கள் "எதில் ஆரம்பிப்பது?" என்று கேட்பது குறைவு. "அந்த வித்தை எப்படி?" என்றுதான் கேட்பார்கள். பதில் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சீட்டுகளின் வரிசைக்குள் ஒரு கணக்கு இருக்கும், அல்லது கட்டே சாதாரணக் கட்டாக இருக்காது, இல்லையென்றால் விரல்கள் ஏதோ செய்திருக்கும். மூன்றுக்கும் தனித்தனி ரசிகர்கள் உண்டு. ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதும் உண்டு. அந்தச் சண்டை இருக்கட்டும், புதியவருக்கு எது கைகொடுக்கும் என்று மட்டும் பார்ப்போம்.

கணக்கு வித்தை என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது 21 சீட்டு. மூன்று வரிசையாக, வரிசைக்கு ஏழாகப் போட்டு, "உங்கள் சீட்டு எந்த வரிசையில்?" என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, மூன்று முறை இதையே செய்தால் நினைத்த சீட்டு 11-வதாக வந்து நிற்கும். காரணம் எளிது. முதல் சுற்றில் அந்த ஏழு சீட்டும் 8 முதல் 14 வரையான இடங்களுக்கு வருகின்றன. இரண்டாவது சுற்றில் அது 10, 11, 12 என்று குறுகிவிடும். மூன்றாவது முறை போடும்போது அந்த மூன்று இடங்களும் ஆளுக்கொரு வரிசையில் சரியாக நான்காவதாக விழும். அதற்கு மேல் ஏழு சீட்டை வைத்தால் பதினொன்று. கணக்கு அழகுதான், ஆனால் வித்தை சலிப்பு. 63 முறை சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார், ஏதோ கணக்கு நடக்கிறது என்பதையும் மோப்பம் பிடித்துவிடுவார். "கணக்கு வித்தையா, அது சின்னப் பிள்ளை விளையாட்டு" என்ற பெயர் வந்ததற்கு இந்த ஒரு வித்தையே பாதிக் காரணம் என்பேன்.

அந்தப் பெயர் நியாயமில்லை என்று காட்ட இன்னொன்று சொல்கிறேன். கட்டை ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். பார்ப்பவரிடம் கட்டைக் கொடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக ஏறக்குறைய பாதி வரை மேசையில் போடச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துவது என்பது அவர் இஷ்டம். இப்போது இரண்டு பாதிகளையும் நுனியோடு நுனி வைத்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டு ஒரே ஒரு முறை கலைக்கச் சொல்லுங்கள். அவர் ஏனோதானோவென்று கலைத்தாலும் கவலை இல்லை. பிறகு மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு இருக்கும், கடைசி ஜோடி வரை. நார்மன் கில்பிரெத் என்ற கணிதக்காரர் 1958-ல் வெளியிட்ட தத்துவம் இது. பாதிச் சீட்டை ஒவ்வொன்றாகப் போடும்போது அதன் வரிசை தலைகீழாகிறது. உயிர்நாடி அதுதான், பார்ப்பவர் கண்ணில் அது ஒரு விஷயமாகவே படாது. தன் கையால் கலைத்த கட்டு என்பதால் "நீ ஏதோ கையில் பண்ணினாய்" என்றும் அவரால் சொல்ல முடியாது.

ஒரு முறை கலைத்தால் கட்டு கலைந்துவிட்டது என்று நாம் நம்புவதுதான் இந்த வித்தையின் முதலீடு. உண்மையில் 52 சீட்டும் ஓரளவு நன்றாகக் கலைய ஏழு முறையாவது வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டயகோனிஸ் இளவயதில் மேஜிக் செய்துகொண்டிருந்து பிறகு கணிதப் பேராசிரியர் ஆனவர்.

கணக்கு வித்தையின் உண்மையான குறை வேறு. அடுக்கி வைத்த கட்டு ஒரு முறைக்குத்தான் உதவும். "இன்னொரு தடவை செய்" என்றால் மாட்டிக்கொள்வீர்கள். வேறொருவர் தன் கட்டை நீட்டினாலும் அதே கதைதான்.

அடுத்தது ட்ரிக் கட்டு. கடையில் வாங்கி அன்றைக்கே அசத்தலாம் என்ற ஆசையைத் தூண்டுவது இதுதான். அதிகம் விற்பது ஸ்வெங்காலி கட்டு. அதில் பாதிச் சீட்டுகள் ஒரே சீட்டு, எல்லாம் ஹார்ட்டின் ராணி என்று வையுங்கள். அவை மற்றவற்றைவிட ஒரு மயிரிழை நீளம் குறைந்தவை. நீளமும் குட்டையுமாக ஒன்று விட்டு ஒன்று அடுக்கியிருப்பதால், நுனியை விரலால் விடும்போது ஜோடி ஜோடியாக விழும், நீளமான வெவ்வேறு சீட்டுகள் மட்டுமே கண்ணில் படும். ஆனால் எங்கே நிறுத்தி வெட்டினாலும் கீழ்ப்பாதியின் மேலே காத்திருப்பது ராணி. கற்க அரை மணி நேரம் போதும். சரி, அப்புறம்? "கட்டைக் கொடு பார்க்கலாம்" என்று ஒருவர் கை நீட்டினால் முடிந்தது. சாதாரணக் கட்டைப் போலத் தாராளமாக விரித்துக் காட்டவும் முடியாது. இதில் தொடங்குகிறவர்கள் பலர் வித்தையைக் கற்பதை விட்டுவிட்டு அடுத்த கட்டை வாங்கப் போய்விடுகிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு தருவேன், இன்விசிபிள் டெக். பார்ப்பவர் வாய்க்கு வந்த சீட்டைச் சொல்கிறார். நீங்கள் கட்டை விரித்தால் அந்த ஒன்று மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது. சீட்டுகளின் முதுகில் சொரசொரப்புப் பூச்சு பூசி இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வைத்திருப்பார்கள், வேண்டிய இடத்தில் லேசாக அழுத்தி நகர்த்தினால் ஜோடி பிரியும். தொழில்முறைக் கலைஞர்களும் கூச்சப்படாமல் பயன்படுத்துகிற கட்டு இது.

மூன்றாவது கைவேகம். பேர்தான் வேகம், நல்ல கையில் வேகமே தெரியாது. உதாரணத்துக்கு டபுள் லிஃப்ட், அதாவது இரண்டு சீட்டை ஒன்றுபோலத் திருப்பிக் காட்டுவது. ரகசியம் ஒரு வரிதான், படித்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனால் செய்து பாருங்கள். மேலே உள்ள இரண்டு சீட்டுக்குக் கீழே சுண்டுவிரலின் சதையைக் கொஞ்சம் நுழைத்து இடைவெளி பிடிக்க வேண்டும். திருப்பும்போது ஓரம் இம்மி பிசகினாலும் இரண்டு விளிம்பு தெரியும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேகூட இல்லை, ஒற்றைச் சீட்டை ஒரு மாதிரியும் இரட்டையை வேறு மாதிரியும் திருப்புவதில்தான். அதனால் முதலில் ஒற்றைச் சீட்டையே திருப்பிப் பாருங்கள், உங்கள் கை இயல்பாக அதை எப்படிச் செய்கிறது என்று கவனியுங்கள். இரட்டையும் அதே போலப் போக வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். பதிலுக்கு, யார் கட்டைக் கொடுத்தாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

நடுவில் செருகிய சீட்டு திரும்பத் திரும்ப மேலே வருமே, அந்த வித்தையை இன்று பெரும்பாலும் டபுள் லிஃப்ட் வைத்துத்தான் செய்கிறார்கள். மூன்று முறை பார்த்தால் எந்த வித்தையையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டிய புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் ஹூடினியையே 1922-ல் டாய் வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர் திணறடித்தது இந்த வகை வித்தையால்தான்.

என் ஓட்டு கணக்குக்கு. ஆனால் 21 சீட்டை விட்டுவிட்டு, கணக்கும் கையும் சந்திக்கிற இடத்தில் தொடங்குங்கள். கட்டின் அடிச்சீட்டை யாருக்கும் தெரியாமல் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் தன் சீட்டை மேலே வைத்துக் கட்டை வெட்டினால், நீங்கள் பார்த்த சீட்டு அவருடையதுக்கு நேர் மேலே வந்து உட்காரும். எத்தனை முறை வெட்டினாலும் அந்த ஜோடி பிரிவது அபூர்வம். சீட்டுகளை மேலிருந்து முகம் தெரியப் போட்டுக்கொண்டே வாருங்கள், உங்கள் சீட்டுக்கு அடுத்து வருவது அவருடையது. இதில் கைத்திறன் என்று இருப்பது அடிச்சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற அந்த ஒரு நொடிதான். எந்தக் கட்டிலும் செய்யலாம். மற்ற நேரமெல்லாம் பேசவும் எதிராளியின் முகத்தைப் பார்க்கவும் உங்களுக்கு மிச்சம். டபுள் லிஃப்ட்டை அதன் பக்கத்திலேயே மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கலாம்.

வீடியோவா, புத்தகமா என்பது சின்னக் கேள்வி. விரல் எங்கே போகிறது என்பதற்கு வீடியோ, எதற்குப் பிறகு எதைக் கற்பது என்பதற்குப் புத்தகம். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-ல் வந்த புத்தகத்தை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எழுதியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அருமையான புத்தகம், புதியவருக்கு ஆகாது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் போதும். வீடியோவில் ஓர் ஆபத்தும் உண்டு. அவை பெரும்பாலும் செய்பவரின் தோள்பக்கமிருந்து எடுத்தவை, அந்தக் கோணத்தில் உங்கள் பார்வையாளர் உட்காரமாட்டார். பழகும்போது போனை எதிரே ஒருவர் கண் இருக்கும் உயரத்தில் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். திரும்பப் பார்க்கும்போது கையைவிட முதலில் உங்கள் கண்ணைக் கவனியுங்கள். அடிச்சீட்டைப் பார்த்த நொடியில் அது கீழே தாழ்ந்ததா, இல்லையா?